ஏவி பின்னா, ஆப்டிகலா?

புது டிவி வாங்கிய நண்பர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது: "பழைய ஆம்ப்ளிஃபயர் சும்மா கிடக்கு, டிஜிட்டல்ல கொடுக்கவா, அனலாக்ல கொடுக்கவா?" கடைக்காரர் "டிஜிட்டல்தான் சார் கிளியர்" என்று சொல்லி அனுப்பியிருப்பார். கேசட் காலத்து மாமா ஒருவர் "அனலாக்தான்டா காதுக்கு இதம்" என்றிருப்பார். எனக்கு இரண்டிலுமே உடன்பாடில்லை.

ஸ்பீக்கருக்குப் போய்ச் சேருவது எப்போதுமே அனலாக் சிக்னல்தான். டிவியிலும் சிடியிலும் இருப்பது எண்கள். நடுவில் எங்கேயோ ஓர் இடத்தில் அந்த எண்கள் அலையாக மாறியே தீர வேண்டும். அதைச் செய்யும் சிப்தான் டிஏசி. சிவப்பு-வெள்ளை ஆர்சிஏ ஒயரைச் (ஏவி பின் என்பது இதுதான், அனலாக்) செருகினால் அந்த வேலையை டிவி செய்கிறது. எண்களை வெளிச்சமாக அனுப்பும் ஆப்டிகல் கேபிள் போட்டால் ஆம்ப் செய்கிறது. இரண்டில் யார் கெட்டிக்காரரோ அவரிடம் வேலையை விடுங்கள், அவ்வளவுதான் என் கட்சி.

டிவிக்காரர்கள் காசைக் கொட்டுவது திரையில். அதனால் டிவி என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஆப்டிகலோ எச்டிஎம்ஐயோதான். நல்ல சிடி பிளேயரும் சுமாரான ரிசீவரும் (ஹோம் தியேட்டர் ஆம்ப்) வைத்திருப்பவர் ஆர்சிஏவிலேயே கேட்கலாம். ஆனால் பல ஏவி ரிசீவர்கள் உள்ளே வரும் அனலாக்கை மறுபடி டிஜிட்டலாக்கி, பாஸ் ஒலியை (தாழ்ந்த அதிர்வு) பிரித்து, திரும்ப அனலாக்காக்கும் (தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை). 'டைரக்ட்' என்று பட்டன் இருந்தால் அழுத்திவிட்டுக் கேளுங்கள். இசைத்தட்டு பிளேயரோ பிறவியிலேயே அனலாக். அதற்கு ஆப்டிகல் தேடி அலைய வேண்டாம்.

ஆப்டிகலை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணம், உர்ர்ர் என்ற அந்த இரைச்சல். செட்டாப் பாக்ஸிலிருந்து ஏவி பின் வழியாக ஆம்புக்குக் கொடுத்தவர்களில் பலருக்கு இது பழக்கம். பாட்டு நின்றதும் ஸ்பீக்கர் உறுமும். பாக்ஸின் பின்னால் கேபிள் லைனைக் கழற்றிப் பாருங்கள், சில வீடுகளில் சட்டென்று அடங்கிவிடும். கேபிள் லைனின் எர்த்தும் ஆம்பின் எர்த்தும் வேறு வேறு இடத்தில் இறங்க, ஏவி ஒயரின் மேலுறை இரண்டையும் இணைத்து வளையமாக்கிவிடும். நம் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் அதில் ஓடும். ஆப்டிகலில் போவது வெளிச்சம் மட்டுமே, அந்த ஒயர் வழியாக எர்த் சேர வாய்ப்பே இல்லை. தோஷிபா 1983இல் சிடி பிளேயருக்காகக் கொண்டுவந்த இணைப்பு, இன்றும் நிற்கிறது.

குறையும் உண்டு. இரண்டு சேனல் பிசிஎம் (சுருக்காத டிஜிட்டல் ஒலி), அல்லது சுருக்கிய 5.1 டால்பி டிஜிட்டல், டிடிஎஸ், அதற்கு மேல் ஆப்டிகல் தாங்காது. தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் டால்பி அட்மாஸ் வேண்டுமென்றால் எச்டிஎம்ஐதான். அப்புறம், பெரும்பாலான டிவிகளில் ஆப்டிகல் போட்டால் டிவி ரிமோட்டில் சத்தம் கூடாது, குறையாது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதுவே பெரிய சண்டை. 2009க்குப் பிறகு வந்த ஏஆர்சி வசதி (எச்டிஎம்ஐ ஒயரிலேயே டிவி ஒலியை ஆம்புக்கு அனுப்புவது) டிவி, ஆம்ப் இரண்டிலும் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. என்னைக் கேட்டால் ஒரே ரிமோட் என்ற சுகம், ஒலியில் வரும் நூலிழை வித்தியாசத்தை விடப் பெரிது.

சென்னை ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்த 5.1 செட் வைத்திருப்பவர்களுக்கு: ஆப்டிகல் வாங்கி ஆறு ஆர்சிஏவாகப் பிரித்துத் தரும் டிகோடர் பெட்டி கிடைக்கிறது. ஸ்டீரியோ ஆம்ப் என்றால் சின்ன டிஏசி பெட்டி போதும். மாட்டியதும் சத்தமே வராவிட்டால் பெட்டியைத் திட்டாதீர்கள். டிவி செட்டிங்கில் டிஜிட்டல் அவுட்புட்டை 'பிசிஎம்' என்று மாற்றுங்கள். டால்பியாக வருவதைப் பிரிக்க அந்தச் சின்னப் பெட்டிக்குத் தெரியாது.

கடைசியாக, தங்கமுலாம் பூசிய ஆப்டிகல் கேபிள் என்று ஒன்று விற்கிறார்கள். உள்ளே போவது வெளிச்சம், தங்கம் எதற்கு? சாதாரணமானதை வாங்கி, முனையில் இருக்கும் குட்டி பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிவிட்டு, மடக்காமல் செருகுங்கள்.