படிக்காவிட்டால் கூடைதானா?

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் நாள் தவறாமல் காதில் விழும் வசனம் ஒன்று இருக்கிறது. "படிக்கலன்னா கூடையத் தூக்கிட்டு மலைக்குத்தான் போகணும்." கணிதத்தில் கோட்டைவிட்ட பையனுக்கும் இதுதான், கொப்பி கொண்டுவராத பிள்ளைக்கும் இதுதான். சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. பாதிப்பேர் தோட்டத்திலேயே பிறந்தவர்கள். அவர்களுடைய அம்மா கூடை தூக்கித்தான் அவர்களைப் படிக்க வைத்திருப்பார். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பெற்றோரும் இதையேதான் சொல்கிறார்கள். இருந்தாலும் இந்த வசனம் வகுப்பறையை விட்டுப் போக வேண்டும் என்பது என் கருத்து. கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் அம்மா அந்த நேரத்தில் மலையில்தான் நிற்கிறார். விடிந்ததும் பெரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) போய், அட்டைக் கடியோடும் குளவிப் பயத்தோடும் கொழுந்தெடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு, விறகும் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். பிள்ளையின் சப்பாத்து அந்தச் சம்பளத்தில் வாங்கியது. அந்த வேலையையே நாம் தண்டனையாகச் சொன்னால், பிள்ளைக்கு என்ன கேட்கும்? உன் அம்மா தோற்றுப்போன ஆள் என்றுதான் கேட்கும். கெட்டிக்காரப் பிள்ளை உடனே வீட்டை மறைக்கக் கற்றுக்கொள்கிறது. படிப்பு ஓடாத பிள்ளை, எப்படியும் நமக்கு மலைதானே என்று பாடசாலையைக் கைவிடுகிறது. இரண்டையும் நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

தோட்ட வேலையைப் புகழ்ந்து பாட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடி, அது 2021இல்தான் அரசின் வர்த்தமானியில் வந்தது. அந்த வேலையை விட்டுப் பிள்ளைகள் வெளியேற ஆசைப்படுவது நியாயம். ஆனால் கேவலமாக இருப்பது சம்பளம், ஆள் இல்லை. இதைப் பிரித்துக் காட்டத் தெரிந்த ஆசிரியர் கிடைத்தால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும்.

வருடத் தொடக்கத்தில் தகவல் படிவம் நிரப்பும் நாளில் வகுப்புக்குள் ஒரு சுற்று நடந்து பாருங்கள். பெற்றோரின் தொழில் என்ற இடம் வந்ததும் பேனைகள் நின்றுவிடும். "தனியார் துறை" என்று எழுதுவார்கள். ஒரு பிள்ளை "விவசாயம்" என்று எழுதிவிட்டு, நான் பக்கத்தில் போனதும் உள்ளங்கையால் மூடிக்கொண்டது. முகவரி எழுதும் இடத்திலும் இதே கதைதான். பல தோட்டங்களில் இன்னும் வீட்டுக்கு இலக்கம் இல்லை. தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் எழுத வேண்டும். கடிதம் தோட்டத்து ஆபிசுக்கு வந்து, யாராவது கொண்டுவந்து தந்தால் கைக்குக் கிடைக்கும். புலமைப்பரிசில் சித்தியடைந்து நகரத்துப் பாடசாலைக்குப் போகும் பிள்ளை, அங்கே தோட்டத்தின் பெயரைச் சொல்லாமல் பக்கத்து டவுனின் பெயரைச் சொல்லும். "தோட்டக்காட்டான்" என்ற ஏச்சு இன்னும் செத்துவிடவில்லை.

பிறப்புச் சான்றிதழில் "இந்தியத் தமிழர்" என்றிருப்பதைப் பார்த்துவிட்டு ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், எங்க தாத்தாவே இந்தியாவப் பார்த்ததில்லையே?" அதற்குச் சரியான பதில் சொல்ல ஒரு பாடவேளை போதாது. 1823இலிருந்து தொடங்க வேண்டும். கோப்பிக் காலம், மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து வந்த பாதை, வழியில் செத்தவர்கள், பிறகு தேயிலை. 1947 தேர்தலில் தலவாக்கலையில் வென்று பாராளுமன்றம் போனவர் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை. அடுத்த வருடமே நம் ஆட்களை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டம் வந்தது. 1952 தேர்தலில் நம் ஆட்களில் பெரும்பாலானோருக்கு வாக்கே இல்லை. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், இந்தியாவுக்கு 525,000 பேர், இங்கே 300,000 பேர் என்று ஆட்களைப் பங்கு போட்டது. மிச்சம் 150,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். நாடற்றவர்களாக எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. என் வகுப்பில் பராக்கிரமபாகு மன்னர் கட்டிய பராக்கிரம சமுத்திரக் குளத்தைப் பற்றிக் கேட்டால் பத்துக் கை உயரும். 1948 பற்றிக் கேட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். தாத்தா ஏன் வாக்குப் போடவில்லை என்று தெரியாத பிள்ளை, அவர் படிக்காததால்தான் என்று நினைத்துக்கொள்கிறது.

ஒரு பாடசாலை அடையாளத்தையெல்லாம் கொடுத்துவிடுமா என்று கேட்பவர்களுக்கு நான் ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரியைச் சொல்வேன். 1960களில் அங்கே இர. சிவலிங்கம், எஸ். திருச்செந்தூரன் போன்ற ஆசிரியர்கள் இருந்தார்கள். பாடத்தோடு நிற்காமல் பிள்ளைகளை எழுத வைத்தார்கள், மேடையில் பேச வைத்தார்கள். மலையகத்தான் என்று நிமிர்ந்து சொன்ன ஒரு தலைமுறை எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் அவர்கள் கைகளில் வளர்ந்தவர்கள். நாடே உங்களுக்கு இல்லை என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1977இல்தான். அதற்கு முன்பு பல தோட்டங்களில் ஒரே அறை, ஒரே வாத்தியார், ஐந்து வகுப்புகள். அந்த நிலைமையிலும் இதைச் செய்த ஆட்கள் இருந்தார்கள். இன்றைக்கு நம்மிடம் ஸ்மார்ட் போர்ட் இருக்கிறது (சில இடங்களில் கரண்டும் இருக்கிறது).

பக்கத்துப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கும் ஒரு நண்பர் மட்டக்களப்புக்காரர். சதவீதம் படிப்பிக்க, புத்தகத்தில் இருந்த வங்கி வட்டிக் கணக்கை விட்டுவிட்டு, அம்மாவின் சம்பளச் சீட்டைக் கொண்டுவரச் சொன்னார். முதலில் யாரும் கொண்டுவரவில்லை. பிறகு ஒன்றிரண்டு வந்தன, பெயரை மடித்து மறைத்தபடி. சீட்டு முழுக்க ஆங்கிலச் சுருக்கெழுத்துகள். ஓய்வுக்காலச் சேமிப்பான சேமலாப நிதி 8 வீதம் சரியாக வெட்டப்பட்டிருக்கிறதா, தோட்டம் போட வேண்டிய 12 வீதம் எவ்வளவு என்று கணக்குப் பார்த்தார்கள். அப்புறம் சங்கச் சந்தா, கோயில், டோபி, தேயிலைத்தூள், அட்வான்ஸ் என்று வரிசையாக வெட்டு. நண்பருக்கு ஓர் இடத்தில் கணக்கு உதைத்தது. வேலைக்குப் போன நாள் ஒன்று, சீட்டில் இருக்கும் நாள் இன்னொன்று. பின்வாங்கில் இருந்து ஒரு பிள்ளை, "கிலோ கொறஞ்சா முழுப்பேர் விழாது சேர், அரைப்பேர்தான்" என்றது. அவருக்கு அதுவரை அரைப்பேர் (அரைநாள் சம்பளக் கணக்கு) என்றால் என்னவென்றே தெரியாது. அன்றைக்கு மிச்சப் பாடத்தை, வாயே திறக்காத பிள்ளைகள்தான் நடத்தினார்களாம். கோயிலுக்குச் சம்பளத்திலும் வெட்டி, திருவிழாவுக்கு வீடு வீடாகவும் ஏன் வாங்குகிறார்கள் என்று ஒரு பையன் கேட்டிருக்கிறான். அதற்குச் சேரிடமும் பதில் இல்லை.

அந்தப் பாடத்தில் யாரும் தன்னம்பிக்கை பற்றிப் பேசவில்லை. ஆனால் வீட்டில் இருக்கும் அறிவு வகுப்பில் செல்லுபடியானது. இந்த இடம் நம்முடையதும்தான் என்ற எண்ணம் பிள்ளைக்கு அப்படித்தான் வருகிறது. கொழும்பிலிருந்து பேச்சாளரைக் கூட்டிவந்து "கனவு காணுங்கள்" என்று மைக்கில் கத்த வைப்பதில் எனக்குச் சுத்தமாக நம்பிக்கை இல்லை. பிள்ளைகள் கைதட்டுவார்கள், பேச்சு முடிந்தால் பணிஸ் கிடைக்கும், அவ்வளவுதான்.

மன்மதன், ரதி கதையை ஆடும் காமன் கூத்தையும் சொல்ல வேண்டும். மாசியில் ராத்திரி முழுக்கக் கூத்தாடிவிட்டுப் பையன்கள் மேசையில் தூங்குவார்கள், நாம் ஏசுவோம். ரதியின் புலம்பலைத் தாள் பார்க்காமல் விடிய விடியப் பாடுகிற பையனிடம்தான், உனக்கு ஒரு செய்யுள்கூட மனதில் நிற்காதா என்று கேட்கிறோம்.

சரி, அடையாளம் சோறு போடுமா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். உயர்தரத்தில் விஞ்ஞானம், கணிதம் படிக்கத் தமிழ்மொழிப் பாடசாலை தேடிப் பிள்ளைகள் டவுன் டவுனாக அலையும்போது, கூத்தையும் வரலாற்றையும் மட்டும் வைத்துக்கொண்டு யாரும் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போக முடியாது. நமக்குப் பாட ஆசிரியர்கள் வேண்டும். ஆசிரிய உதவியாளர்கள் என்று நம் பிள்ளைகளை எடுத்து மாதம் 6,000 ரூபாய் கொடுப்பனவில் வேலை வாங்கிய காலமும் இருந்தது, பிறகு அது 10,000 ஆனது. அந்தப் பணத்தில் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் போக என்ன மிஞ்சும்? ஆசிரியரையே மதிக்காத இடத்தில், பிள்ளையின் மதிப்பை ஆசிரியர் மட்டும் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். அதனால் இதை ஆசிரியர்கள் தலையில் மட்டும் கட்ட நான் தயாரில்லை.

ஆனாலும் நம் கையில் இருப்பதும் கொஞ்சம் இல்லை. எல்லோரும் டொக்டர் ஆகப்போவதில்லை. சாதாரண தரத்தோடு கொழும்புக் கடைக்கோ காமென்ட்டுக்கோ (ஆடைத் தொழிற்சாலைக்கோ) போகும் பிள்ளைக்கும், நான் யார், எதற்காக உழைக்கிறேன் என்று தெரிந்திருக்க வேண்டும். தன் சம்பளச் சீட்டை வாசிக்கத் தெரிய வேண்டும். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது லயத்தைப் பார்த்துக் கூசாமல் இருக்க வேண்டும். கட்டாயக் கல்வி வயது 2016இலிருந்து 16. ஆனால் அதற்கு முன்பே வரவு இடாப்பில் ஒரு பெயர் வராமல் போகும். விசாரித்தால் "சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருக்கு" என்பார்கள். மலையகத்து டயகமவிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போய், 2021 ஜூலையில் தீக்காயங்களோடு இறந்த சிறுமியை நாம் மறந்திருக்க மாட்டோம். ஒரு பிள்ளை தொடர்ந்து வராவிட்டால் லயத்துக்கு ஏறிப்போய்ப் பார்க்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அட்டைக் கடியோடு திரும்பி வருவார்கள். அதற்கு எந்தப் படிவத்திலும் புள்ளி இல்லை. ஆனால் டீச்சர் வீட்டுக்கு வந்து, கொடுத்த பிளேன்ரீயைக் குடித்துவிட்டுப் போனார் என்பதைப் பிள்ளை வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கும்.

இந்தத் தவணை எங்கள் பாடசாலையில் 9ஆம் தரப் பிள்ளைகள் தோட்டத்துப் பழைய காகிதங்களைச் சேர்க்கப்போகிறார்கள். பிரஜாவுரிமைச் சான்றிதழ், பழைய சம்பளச் சீட்டு, ஒப்பந்தக் காலத்தில் இந்தியாவுக்குப் போனவர்கள் எழுதிய கடிதம், பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில்) எடுத்த படம், எதுவானாலும் சரி. உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தால், அதிலுள்ள சொந்த விவரங்களை மறைத்துப் படமெடுத்து இன்பொக்ஸில் அனுப்புங்கள். எந்தத் தோட்டம் என்று மறக்காமல் எழுதுங்கள். அசலைத் தபாலில் போட்டுவிடாதீர்கள், இங்கே எல்லாம் இன்னும் ஆபிஸ் வழியாகத்தான் வருகிறது.