தேதி நகராது, பட்டியல் நகரும்

"ரிக்வயர்மென்ட் மாறிக்கொண்டே இருக்கிறது, வேலை பார்க்கவே முடியவில்லை" என்று புலம்புகிற டீம் லீடுகளைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். சாஃப்ட்வேர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிற தேவைதான் ரிக்வயர்மென்ட்; அது மாறாமல் இருந்து யார் பார்த்திருக்கிறார்கள்? மாறும்போது எதைக் கைவிடுவது என்று சொல்லத்தானே லீடுக்குச் சம்பளம்?

நான் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதும் சின்ன டீமைப் பார்த்துக்கொள்கிறேன். எங்களுக்கு வாடிக்கையாளரை விடப் பெரிய தலைவலி அரசாங்கம். 2025 செப்டம்பர் 3 இரவு ஜிஎஸ்டி கவுன்சில் அறிவித்தது: 12, 28 சதவீதப் பொருட்கள் பெரும்பாலும் 5, 18க்கு வரும், 22ஆம் தேதி முதல் அமல். சோப்பு, ஷாம்பு 18லிருந்து 5. ஏசி 28லிருந்து 18. பரோட்டாவுக்கு வரியே இல்லை. ஆனால் முறையான அறிவிக்கை வந்தது 17ஆம் தேதிதான். அதுவரை பத்திரிகைக் குறிப்பை வைத்துத்தான் எல்லோரும் புரோகிராம் கோடு எழுதிக்கொண்டிருந்தோம். 22 அன்று நவராத்திரி வேறு தொடங்குகிறது. எந்தக் கடைக்காரரிடம் போய் "இரண்டு நாள் பொறுங்கள்" என்று சொல்வது?

தேதி நகராது என்றால் வேலைப் பட்டியல்தான் நகர வேண்டும். முதல் நாளே போர்டில் இரண்டு விஷயம்தான் எழுதினோம். 22 காலை கடை திறந்ததும் பில் சரியாக வர வேண்டும். பழைய பில்லுக்கு ரிட்டர்ன் வந்தால் பழைய விகிதத்திலேயே கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு) விழ வேண்டும். டேஷ்போர்டு, வாட்ஸ்அப் பில் எல்லாம் தீபாவளிக்கு அப்புறம். இதை டீமிடம் சொல்வது சுலபம். கடைக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டுச் சொல்வதுதான் கஷ்டம். "தம்பி, சின்ன மாத்தம் தானுங்க, இதையும் சேர்த்துப் போட்றலாமே" என்பார்கள். திட்டும் விழுந்தது. வாங்கிக்கொண்டேன். அந்த போன் டெவலப்பருக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

நடுவில் ஸ்டிக்கர் கூத்து. பழைய சரக்குக்குப் புது எம்ஆர்பி ஒட்டும் விதிமுறை 9ஆம் தேதி வந்ததும் லேபிள் அச்சடிக்க ஒரு மாட்யூல் வேண்டும் என்று நச்சரிப்பு. புது விலைப் பட்டியலை எக்செலில் எடுக்க வழி செய்துகொடுத்து அதோடு நிறுத்திக்கொண்டோம். 18ஆம் தேதி, ஒட்டுவது கட்டாயமில்லை என்றே சொல்லிவிட்டார்கள். இதில் என் சாமர்த்தியத்தை விட அதிர்ஷ்டம்தான் அதிகம்.

உண்மையில் மண்டை காய்ந்தது ஜவுளியில். வரி சேர்க்காத அடிப்படை விலை உருப்படிக்கு 2500 ரூபாய் வரை என்றால் 5 சதவீதம், தாண்டினால் 18. வரி உட்பட 2800 ரூபாய் என்று விலை போட்ட ஒரு சட்டையை எடுங்கள். 5 சதவீதம் என்று வைத்தால் அடிப்படை விலை 2667, வரம்பைத் தாண்டுகிறது, எனவே 18. சரி, 18 என்று வைத்தால் அடிப்படை விலை 2373, வரம்புக்குள் வந்துவிடுகிறது, எனவே 5! முன்பும் இந்தச் சிக்கல் உண்டு. ஆனால் அப்போது 1050க்கும் 1120க்கும் நடுவில் மட்டும். இப்போது 2625 முதல் 2950 வரை. பண்டிகைத் துணி விற்கிற விலையே அதுதான்.

இதைப் பையன்களை ராத்திரி தங்கவைத்துத் தீர்க்க முடியாது. தீர்ப்பு சொல்ல வேண்டியவர் கடையின் ஆடிட்டர். அவரிடம் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கி, அதை ஒரு செட்டிங்காக வைத்தோம். ராத்திரித் தங்கலை வீரம் மாதிரி பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: தூக்கக் கலக்கத்தில் எழுதிய கோடு, கவுண்டரில் வரிசை நிற்கும்போதுதான் பல்லிளிக்கும். அப்போது திட்டு வாங்குவது அந்தக் கேஷியர் பெண்.

ஜவுளி பில்லிங்கில் இருக்கும் நண்பர்கள் சொல்லுங்கள், அந்த 2800 ரூபாய் சட்டைக்கு உங்கள் ஆடிட்டர் எந்தப் பக்கம்?