பிராசஸரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்

போட்டோ எடிட்டிங்குக்கு கம்ப்யூட்டர் வாங்கக் கிளம்பினாலே "ஐ7 போதுமா, ஐ9 வேணுமா?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். காசை முதலில் மானிட்டரில் போடுங்கள். ஐபிஎஸ் பேனல் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத திரை), எஸ்ஆர்ஜிபி (வெப்பில் வழக்கமான நிறப்பரப்பு) முழுசாக இருக்கணும். பிரிண்ட் வேலை அதிகம் என்றால் அதைவிட அகன்ற அடோபி ஆர்ஜிபியும் வேண்டும். கூடவே திரையின் நிறத்தை அளந்து சரிசெய்ய ஒரு கேலிபரேட்டர். பல மானிட்டர்கள் 250, 300 நிட்ஸ் வெளிச்சத்தோடுதான் பெட்டியை விட்டு வருகின்றன. அந்த வெளிச்சத்தில் திருத்திய படம் பேப்பரில் இருட்டடித்து வரும், திட்டு லேப்காரருக்கு விழும். 100 முதல் 120 நிட்ஸுக்குள் இறக்கி வைத்துவிட்டு கேலிபரேட் செய்யுங்கள்.

அடுத்து ரேம். கணக்கு எளிது. 45 மெகாபிக்சல் படம் என்றால் 4.5 கோடி பிக்சல். ஒவ்வொன்றுக்கும் 3 சேனல், 16 பிட்டில் சேனலுக்கு 2 பைட். ஆக ஒரு லேயருக்கு 270 எம்பி. பத்து முழு லேயர் போட்டால் 2.7 ஜிபி, செய்ததைத் திருப்பிப் போட உதவும் ஹிஸ்டரி தனி. பின்னால் லைட்ரூமும் பிரவுசரும் திறந்திருந்தால் 16 ஜிபி மூச்சு வாங்கும். பிரஷ் திக்கித் திக்கி நகரும்போது டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். பிராசஸர் 20 சதவீதத்தில் சும்மா இருக்க, மெமரி நிரம்பி டிஸ்க் 100-ஐத் தொட்டிருந்தால் குறை ரேமில். 32 ஜிபி போடுங்கள். பனோரமா ஒட்டுபவர்களுக்கு 64.

எஸ்எஸ்டியில் கியூஎல்சி வகை (ஒரு செல்லில் 4 பிட் அடைப்பது) மலிவு. ஆனால் பெரிய கேமரா கார்டைக் கொட்டும்போது அதன் கேச் (வேகமான தற்காலிக இடம்) நிரம்பியதும் வேகம் படுத்துவிடும். கார்டு ரீடரை யாரும் கண்டுகொள்வதே இல்லை. யுஎஸ்பி 2 ரீடரில் நிஜ வேகம் நொடிக்கு 40 எம்பிக்குள்தான், 64 ஜிபி இறங்க கிட்டத்தட்ட அரை மணி நேரம்!

ஏஐ டீநாய்ஸ் (படத்தின் புள்ளிப் புள்ளியான இரைச்சலை நீக்குவது) தினமும் ஓட்டுவீர்கள் என்றால் 8 ஜிபி மெமரி உள்ள கிராபிக்ஸ் கார்டு. இல்லையென்றால் நடுத்தரமான ஒன்று போதும்.

ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை உங்கள் சாஃப்ட்வேரே முடிவு செய்துவிடும். மேக்கில் கலர் மேனேஜ்மென்ட் தொல்லை குறைவு, ஆனால் ஆப்பிள் சிலிக்கான் மேக்புக்கில் ரேமைப் பின்னால் கூட்ட முடியாது. விண்டோஸில் பார்ட்ஸ் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அகன்ற நிறப்பரப்புள்ள மானிட்டரில் புரொஃபைலை (நிறங்களை எப்படிக் காட்டணும் என்ற குறிப்பை) மதிக்காத ஆப்கள் சிவப்பைக் கொதிக்க வைத்துக் காட்டும். லினக்ஸுக்கு போட்டோஷாப், லைட்ரூம், கேப்சர் ஒன் மூன்றுமே வருவதில்லை. விண்டோஸ் சாஃப்ட்வேரை லினக்ஸில் ஓட்டும் வைனில் இவற்றை ஓட்டிக் காட்டும் வீடியோக்களை நம்பி கிளையன்ட் வேலையை எடுக்காதீர்கள்.

லைட்ரூமுக்கு மாற்றாக லினக்ஸில் ஓடும் டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் நல்ல சாஃப்ட்வேர், விண்டோஸிலும் ஓடும். லினக்ஸ் ஆசை இருந்தால் ஒரு மாதம் விண்டோஸிலேயே இவற்றைப் பழகிவிட்டு மாறுங்கள். மாறுவதற்கு முன் லைட்ரூம் கிளாசிக்கில் எல்லா படத்தையும் செலக்ட் செய்து கன்ட்ரோல் எஸ் கொடுத்து எக்ஸ்எம்பியாக (படத்தின் விவரங்களைத் தாங்கும் குறிப்பு) சேமித்துவிடுங்கள். நட்சத்திரமும் கீவேர்டும் கூடவே வரும். டோன் திருத்தங்கள் அப்படியே வராது, அதனால் முக்கியமான படங்களை 16 பிட் டிஃப் (TIFF) ஃபைலாகவும் எடுத்து வையுங்கள்.