18 நிமிடத்தை வெட்டியிருக்க வேண்டாம்

‘மெய்யழகன்’ படத்தை இரண்டு மணி நேரத்தில் முடித்திருக்கலாம் என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். எனக்கு உடன்பாடில்லை. 2024 செப்டம்பரில் வெளியான சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடத்தை வெட்டிவிட்டார்கள். நான் அதற்கு முன்பே பார்த்தவன். சரி, கார்த்தியும் அரவிந்த்சாமியும் பேசும் இரவுப் பேச்சு ஜல்லிக்கட்டு, ஈழம் என்று நீண்டபோது பக்கத்து இருக்கைக்காரர் கைப்பேசியை எடுத்தார், மறுக்கவில்லை. ஆனால் கல்யாண வீட்டில் கார்த்தி ‘அத்தான்’ என்று வந்து ஒட்டிக்கொள்கிறார், அரவிந்த்சாமிக்கு அவர் பெயரே நினைவில்லை, கேட்கவும் கூச்சம். நமக்கெல்லாம் ஊர்ப்பக்கம் நடப்பதுதானே! அந்தக் கூச்சம் நம் மேலும் ஏற வேண்டுமானால் இரவு முழுக்க அவர்களோடு உட்காரத்தான் வேண்டும். அவசரப்படுத்தினால், அரவிந்த்சாமி தஞ்சாவூரில் விட்டுப்போன சைக்கிளின் கதை வரும்போது அது வெறும் சைக்கிளாகத்தான் தெரியும். (படம் பார்க்காதவர்கள் மன்னிக்கவும்.) கார்த்தி சில இடங்களில் கொஞ்சம் அதிகமாகவே வெள்ளந்தியாகிறார், அது உண்மைதான். இயக்குநர் பிரேம்குமாரிடம் நான் குறை சொல்வதென்றால் அதைத்தான் சொல்வேன், நீளத்தை அல்ல. அப்புறம், மேடையில் தங்கைக்கு அண்ணன் அரவிந்த்சாமி நகை போட்டுவிடும் காட்சியில் எங்கள் வரிசையில் யாருமே கைப்பேசியைத் தொடவில்லை. அந்தப் பக்கத்து இருக்கைக்காரரும்தான்.