மலிவு விமானம் என்றால் எப்போதும் மலிவா?

"மலிவு விமான நிறுவனங்கள் அரசு நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் வாங்கக்கூடாது, பொங்கலுக்கு சென்னை–மதுரை டிக்கெட்டை ஏற்றி விற்பது சட்டவிரோதம்" என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது.

1994-இல் விமான நிறுவனங்கள் சட்டம் நீக்கப்பட்டபின் உள்நாட்டுக் கட்டணத்தை நிறுவனங்களே முடிவு செய்கின்றன. கொரோனா காலத்தில், 2020 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை, அரசு வரம்பு விதித்தது போன்றவை தற்காலிக ஏற்பாடுகளே; சிறு நகரங்களை விமானத்தில் இணைக்கும் அரசின் உடான் திட்டத் தடங்களில் குறிப்பிட்ட இருக்கைகளுக்கு மட்டும் உச்சவரம்பு உண்டு.

2003-இல் ஏர் டெக்கான் என்ற மலிவு விமான நிறுவனம் வந்தபின் கட்டணங்கள் இறங்கியது உண்மைதான். ஆனால் போட்டியின் பலன் தடத்துக்குத் தடம் மாறும். பல நிறுவனங்கள் பறக்கும் சென்னை–டெல்லியில் ஒன்று விலையைக் குறைத்தால் மற்றவையும் பெரும்பாலும் குறைக்கின்றன. ஒன்றிரண்டு நிறுவனங்களே பறக்கும் தடத்தில் அந்த நெருக்கடி இல்லை. அதோடு, ஒரே விமானத்தின் இருக்கைகள் பல விலை அடுக்குகளாகப் பிரிக்கப்படுகின்றன: குறைந்த அடுக்கு விற்றுத் தீர்ந்ததும் அடுத்தது திறக்கும். போகிக்கு முந்தைய நாள் கடைசி நேரத்தில் டிக்கெட் எடுத்து மீனம்பாக்கத்தில் கிளம்புபவருக்கு மிஞ்சுவது மேலடுக்குதான், நிறுவனம் எவ்வளவு மலிவானதாக இருந்தாலும். 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் பறப்பதை நிறுத்தியதும் அது பறந்த சில தடங்களில் கட்டணம் எகிறியது. இந்தச் செய்தியைப் பரப்புவோர் கவனிக்க வேண்டியது, போட்டி குறைந்தால் கட்டணம் ஏறும் என்பதைத்தான்.