பக்கத்து வீட்டு ஜன்னலும் என் ஐந்து சேவல்களும்

வேலூர் சத்துவாச்சாரியில், மலையைப் பார்த்தபடி இருக்கும் ஒரு தெருவில், மூன்று சென்ட் மனையில் கட்டிய வீட்டின் பின்புறம் நாட்டுக்கோழி வளர்ப்பவன் நான். சேவல் கூவுவதைப் பற்றி அண்டை வீட்டாருக்குள் தகராறு என்று செய்தி வரும்போதெல்லாம், "கிராமத்தில் இதையெல்லாம் ஒரு குறையாக யாராவது சொல்வார்களா" என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை நானும் அதே வரியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது ஏன் சொல்வதில்லை என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது பதினொரு குஞ்சுகள். குஞ்சுப் பருவத்தில் சேவலையும் பெட்டையையும் பிரித்துப் பார்க்க எனக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. ஏறக்குறைய பாதி சேவலாகத்தான் வரும் என்ற எளிய கணக்கை நான் யோசிக்கவே இல்லை. நான்காம் மாதத்தில் கொண்டை சிவந்து, தொண்டை உடைந்த பையன்களைப் போல ஒவ்வொன்றாகக் கரகரக்கத் தொடங்கி, ஐந்தாம் மாதத்தில் ஐந்தும் முழுச் சேவல்களாகக் கூவின. கூண்டை வசதிக்காகக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, தகரம் வேய்ந்து வைத்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டின் படுக்கையறை ஜன்னல். கூண்டிலிருந்து அதற்கு நான்கு மீட்டர்கூட இருக்காது. என்னுடைய படுக்கையறையோ தெருப்பக்கம்.

அந்த வீட்டுப் பெண் ஒரு மருத்துவமனையில் செவிலியர். இந்த ஊரில் எந்தத் தெருவிலும் இரவுப்பணி பார்க்கும் ஒருவராவது இருப்பார் என்பது வேலூர்க்காரர்களுக்குத் தெரியும். ஒரு நாள் காலை, பணி முடிந்து பையைக்கூட உள்ளே வைக்காமல் என் கேட்டருகில் வந்து நின்று, "அண்ணா, விடியற்காலையில கூவறதைக்கூடப் பொறுத்துக்கலாம். நான் படுக்கிறதே ஒன்பது மணிக்குத்தான், அப்பவும் கூவுதே" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு உறைத்தது. சேவல் விடியலை மட்டும் அறிவிக்கும் பறவை என்பது நாம் கட்டிக்கொண்ட கதை. தன் எல்லையைச் சொல்வதற்காகப் பகல் முழுவதும் அது கூவும்.

அதன் பிறகுதான் ஒலியின் கணக்கைப் பார்த்தேன். ஒரு மீட்டர் தொலைவில் சேவலின் கூவல் 100 டெசிபலைத் தொடும். தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் திறந்த வெளியில் 6 டெசிபல் குறையும் என்பதால், நான்கு மீட்டரில் இருக்கும் ஜன்னலுக்கு ஏறத்தாழ 88 டெசிபல் போய்ச் சேரும். குடியிருப்புப் பகுதிக்கு 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்லும் அளவு பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45. அந்த விதி சேவலை நினைத்து எழுதப்பட்டதல்ல என்றாலும், எவ்வளவு இரைச்சலில் மனிதன் தூங்க முடியும் என்பதற்கு அது ஒரு அளவுகோல். பெல்ஜிய ஆய்வாளர்கள் சேவலின் காதருகிலேயே கருவி வைத்து அளந்தபோது 140 டெசிபலுக்கு மேல் பதிவானது. அவ்வளவு சத்தத்தில் அதன் காது ஏன் செவிடாவதில்லை என்றால், கூவுவதற்காக அலகை முழுவதும் திறக்கும்போது அதன் செவித்துளை சுருங்கி, செவிப்பறையின் பாதியை மென்மையான திசு மூடிக்கொள்கிறது. தன் காதைப் பொத்திக்கொண்டு ஊரை எழுப்புகிறது! தெருப்பக்க அறையில் படுத்துக்கொண்டு "எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே" என்று சொன்ன நானும் ஐந்து மாதங்களாக அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

உடனே எல்லோரையும் போல நானும் குறுக்குவழி தேடினேன். இரவில் சேவலைத் தாழ்வான இருட்டுப் பெட்டியில் அடைத்தால் கூவாது என்று யூடியூபில் வெள்ளைக்காரர்கள் செய்து காட்டுகிறார்கள். மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில்தான் சேவலின் குரலுறுப்பு இருக்கிறது. காற்றுப்பைகளிலிருந்து காற்றைத் தள்ளி, கழுத்தை நீட்டி நிமிர்ந்தால்தான் முழுக்குரல் வரும். கூரை தாழ்வாக இருந்தால் நிமிர முடியாது என்பது அவர்கள் வாதம். பழைய மரப்பெட்டி ஒன்றை ஒன்றரை அடி உயரத்துக்கு வெட்டி, உள்ளே போர்வைத்துணி அடித்து, ஏப்ரல் மாதத்து இரவு ஒன்றில் பெரிய சேவலை அதில் விட்டேன். நாலு மணிக்கு அது கூவத்தான் செய்தது, என்ன, பானைக்குள்ளிருந்து கூவுவது போல் அமுங்கிக் கேட்டது. ஆறு மணிக்குத் திறந்து பார்த்தபோது அலகு பிளந்தபடி, இறக்கைகளை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு, தொண்டை படபடவென்று துடிக்க உட்கார்ந்திருந்தது. கொண்டையின் நுனிகள் கருத்திருந்தன. கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன்; தலையைக் குனிய அதற்கு ஒரு நிமிடம் ஆயிற்று. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. மூச்சிரைத்துத்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், இரவிலும் சுவர் அனலடிக்கும்போது, குளிர்நாட்டுக்காரன் செய்த பெட்டியை நகலெடுப்பது சேவலைக் கொல்லும் வேலை.

கழுத்தில் கட்டும் பட்டை ஒன்றும் ஆன்லைனில் விற்கிறார்கள். அதைக் கட்டியதும் சேவல் பின்பக்கமாகவே நடந்து துளசி மாடத்தில் போய் முட்டிக்கொண்டது. கொஞ்சம் இறுகினால் மூச்சு முட்டும், தளர்ந்தால் பயனில்லை. அரை மணி நேரத்தில் கழற்றி எறிந்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

பிறகு, ஐந்தில் அதிகம் கூவியதை அணைக்கட்டு என்ற ஊரில் இருக்கும் மைத்துனரின் தென்னந்தோப்புக்கு அனுப்பினேன். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலை அதே நேரத்துக்கு, அதுவரை வாயே திறக்காததைப் போலிருந்த இரண்டாவது சேவல் கூவியது. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தார் 2015-இல் வெளியிட்ட ஆய்வைப் பின்னர் படித்தபோதுதான் இது விளங்கியது: கூட்டத்தில் தலைமைச் சேவல் முதலில் கூவும், மற்றவை தத்தம் படிநிலைப்படி காத்திருந்து அடுத்தடுத்துக் கூவும், தலைமையை அகற்றினால் அடுத்தது அந்த இடத்துக்கு வந்துவிடும். அதே குழுவினர் 2013-இல் காட்டியது இன்னும் முக்கியமானது. மாறாத மங்கல் வெளிச்சத்தில் வைத்தாலும் ஏறத்தாழ 23.7 மணி நேரத்துக்கு ஒருமுறை சேவல் தன் உடற்கடிகாரத்தின்படியே கூவுகிறது. வெளிச்சமும் மங்கலும் மாறி மாறி வரும்படி வைத்தபோதோ, விளக்கு எரிவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. ஆகவே, இருட்டைக் காட்டி அதை ஏமாற்ற முடியாது. வெளிச்சமும் மற்ற சேவலின் குரலும் கூடுதல் தூண்டுதல்கள் மட்டுமே. எங்கள் தெருவில் எல்இடி விளக்கு மாட்டிய பிறகு நள்ளிரவிலும் இரண்டு முறை கூவிய காரணம் அப்போது புரிந்தது. தெருவிளக்குக்கு மறைவாக, மோட்டார் அறைக்குப் பின்னால் கூண்டை நகர்த்தி, எதிரொலித்த தகரத்தைப் பிரித்துத் தென்னங்கீற்று வேய்ந்தேன். நள்ளிரவுக் கூவல் நின்றது. விடியற்காலைக் கூவல் நிற்கவில்லை.

இத்தனையும் செய்து பார்த்த பிறகு என் முடிவு இதுதான். சேவலின் சத்தத்தை எண்ணிக்கையாலும் தூரத்தாலும் மட்டுமே குறைக்க முடியும், கருவியால் முடியாது; சுவரோடு சுவர் ஒட்டிய நகரத்து மனையில் அந்தத் தூரம் கிடையாது; ஆகவே அங்கே சேவல் வேண்டாம். முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை என்பதை இன்னும் பலர் நம்ப மறுக்கிறார்கள். சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும், குஞ்சு மட்டும்தான் பொரிக்காது. முட்டையிட்டதும் பெட்டையும் கொக்கரிக்கும்தான், ஆனால் பகலில் சில நிமிடங்களோடு அது முடிந்துவிடும்.

பிரான்சில் 2019-இல் மோரிஸ் என்ற சேவலின் பக்கம் நீதிமன்றம் நின்றதையும், 2021-இல் கிராமத்து ஓசைகளுக்கு அங்கே சட்டப் பாதுகாப்பு வந்ததையும் சிலர் எடுத்துக்காட்டுகிறார்கள். அது நாட்டுப்புறத்துக்கான சட்டம். நமக்குப் பக்கத்தில், கேரளத்தின் அடூரில், 2025 பிப்ரவரியில் அதிகாலைத் தூக்கம் கெடுவதாக ஒரு முதியவர் கொடுத்த புகாரை விசாரித்த கோட்டாட்சியர், பக்கத்து வீட்டு மாடியில் இருந்த கூண்டை 14 நாட்களில் இடம் மாற்ற உத்தரவிட்டார். வளர்ப்பதைத் தடுக்கவில்லை, கூண்டு இருந்த இடத்தைத்தான் மாற்றச் சொன்னார். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. கோயில் ஒலிபெருக்கியும் லாரி ஹாரனும் இருக்கும்போது சேவல் மட்டும்தானா கண்ணில் படுகிறது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அவற்றை நிறுத்தும் அதிகாரம் என் கையில் இல்லை, கூண்டின் கதவு என் கையில் இருக்கிறது. ஒரு பக்கம் வள்ளிமலை, இன்னொரு பக்கம் இரத்தினகிரி இருக்கிற ஊரில் முருகன் கொடியில் இருப்பதைக் குறை சொல்லலாமா என்று அம்மா கேட்டார். கொடியில் இருப்பது கூவுவதில்லையே என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

மிச்சமிருந்த நான்கில் இரண்டை ஒரு செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தையில் விற்றேன், ஒன்று குழம்பானது, ஒன்று மைத்துனரின் தோப்புக்கே போய், முதலாவதுடன் சண்டையிட்டு இப்போது தனித் தோப்பில் ஆள்கிறது. என் பெட்டை அடைக்கு உட்காரும்போது அணைக்கட்டிலிருந்து கரு முட்டை பன்னிரண்டு கொண்டுவந்து வைக்கிறேன். இருபத்தொரு நாளில் குஞ்சு பொரிக்கிறது. பங்குனியில் பொரித்ததில் ஒன்பது தேறின. நேற்றுச் சாயங்காலம் தீனி போட்டுக்கொண்டிருந்தபோது, அந்தச் செவிலியரின் மாமியார் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கொண்டைகளை எண்ணிவிட்டு, "தம்பி, நாலு சேவல் போலிருக்கே" என்றார். ஐந்து என்று எனக்குத் தோன்றியது. ஆடிக்கிருத்திகைக்குள் அனுப்பிவிடுகிறேன் என்றேன்.