ஒரு கன்றுக்கு இரண்டு தகப்பன் இல்லை

பசுவுக்கு ஜேர்சி இன நாம்பனின் (காளையின்) விந்தை ஊசியாகப் போட்டு, அடுத்த நாள் சகிவால் இன நாம்பனையும் விட்டால், பிறக்கிற கன்றில் இரண்டு நாம்பனின் குணமும் சேர்ந்து வரும் என்று ஒரு அண்ணை எழுதியிருக்கிறார். கிளிநொச்சிப் பக்கம் வேறு சிலரும் அதைப் பகிர்ந்திருக்கிறார்கள். மன்னிக்கவேணும் அண்ணை, அது அப்படி நடக்காது.

பாலூட்டிகளின் முட்டைக்கலத்தைச் சுற்றிச் சோனா பெலூசிடா என்று சர்க்கரைப் புரதங்களால் ஆன தெளிவான உறை ஒன்று இருக்கிறது. விந்துகள் முதலில் அதில்தான் ஒட்ட வேண்டும். ஒன்று துளைத்து உள்ளே போய் முட்டையோடு சேர்ந்ததும், முட்டையின் விளிம்பில் இருக்கும் சின்னச் சின்னப் பைகள் வெடித்து நொதியம் ஒன்றை வெளியே விடும், அந்த நொதியம் உறையில் உள்ள ஒரு புரதத்தை வெட்டிவிட, பிறகு வரும் விந்துகள் ஒட்ட வழியில்லாமல் போகிறது. எனக்கு இது உண்மையிலேயே அதிசயமான ஏற்பாடு.

தப்பித்தவறி இரண்டு விந்து நுழைந்தாலும் கணக்கு உதைக்கும். மாட்டுக்கு 60 நிறமூர்த்தங்கள் (மரபணுக்களைச் சுமக்கும் இழைகள்), தாயிடமிருந்து 30, தகப்பனிடமிருந்து 30. இரண்டு விந்து என்றால் 90 ஆகிவிடும், அப்படியான கரு வளர்ந்து கன்றாகாது. (இரட்டைக் கன்று வேறு கதை, அங்கே முட்டையே இரண்டாக இருக்கலாம்.)

சரிபார்க்க விரும்பினால் உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளையின் புத்தகத்தில் கருக்கட்டல் பாடத்தைப் பாருங்கள், அல்லது ஊசி போட வரும் கால்நடை வைத்தியரிடமே கேளுங்கள். தகப்பன் எது என்ற சந்தேகம் இருந்தால் மரபணுப் பரிசோதனை ஒரு நாம்பனைத்தான் காட்டும்.